கப்பித்தானின் பத்தியம்

பிலாய்,
9-10-1960

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி மிக்கேல்ராஜ் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நான் ஊரை விட்டு வந்து நான்கு மாதம் ஆகிறது. இரும்பு ஆலை வேலை பழகிவிட்டது. சாப்பாடுதான் பழகவில்லை. மெஸ்ஸில் சாம்பார் என்று சொல்லி ஒன்றை ஊற்றுகிறார்கள். சொன்னவன் வாய்க்கு மரியாதை கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன்.

அக்கா, ஒரு விஷயம். ஆகஸ்டு மாதம் நீ எழுதிய கடிதத்தில் கப்பித்தானைப் பற்றியே ஒரு பக்கம் இருந்தது. அத்தான் மில்லிலிருந்து வரும் நேரத்துக்கு அது தெருமுனையில் போய் நிற்கிறது, அத்தான் அதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அதற்குப் பிறகு இரண்டு கடிதம் வந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கியது, வீட்டுக்காரம்மா சிவனம்மாளுக்குப் பேரன் பிறந்தது, கோயில் மணிக்கு வர்ணம் அடித்தது எல்லாம் இருக்கிறது. நாயைப் பற்றி ஒரு வரி இல்லை. நீ எதையும் மறக்கிறவள் இல்லையே.

கோம்பையிலிருந்து சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து, திரி நனைத்து ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்த குட்டி அது. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று உன்னிடம் விட்டுவந்தேன். "நாய் வளக்க இதென்ன ஜமீன் பங்களாவா?" என்று அத்தான் கேட்டார். நீதான் சரி என்றாய். அதனால் உன்னிடம்தான் கேட்க முடியும். உண்மையை எழுது. செத்துப்போயிருந்தாலும் எழுது.

உன் தம்பி,
மிக்கேல்ராஜ்


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
18-10-1960

அன்புள்ள தம்பிக்கு அக்கா வியாகுலம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். அந்தச் சாம்பாரைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீ பார்த்தால் இது கப்பித்தானா என்று கேட்பாய். செப்டம்பர் தொடக்கத்தில் பாதத்தை நக்க ஆரம்பித்தது. ஏதோ முள் என்று நினைத்தேன். பிறகு காது இரண்டும் உள்ளே சிவந்து நாற்றம் அடித்தது. அப்புறம் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் முடி கொட்டி, தோல் தடித்துக் கறுத்துவிட்டது. நாள் முழுக்கச் சொறிகிறது. சுவரில் தேய்த்துத் தேய்த்து, சுண்ணாம்பில் ரத்தக் கோடு. எழுத மனம் வரவில்லை அப்பு. நீ அங்கே தனியாக இருந்துகொண்டு என்ன செய்வாய்?

வேப்பெண்ணெய் போட்டேன். தேங்காயெண்ணெயில் கந்தகம் குழைத்துப் போட்டேன். சிவனம்மாள் சொன்னாள் என்று புகையிலைத் தண்ணீர் ஊற்றினேன். அதை நக்கிவிட்டு ஒரு நாள் பூராவும் வாந்தி எடுத்தது. சிவனம்மாளையும் குறை சொல்ல முடியாது. "வியாகுலம், பச்சப்புள்ள இருக்கிற வீடு இது. சொறி நாயை வாசல்ல வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா பேரனை வெளிய தூக்கிட்டு வாரது?" என்கிறாள். நியாயம்தானே.

உன் அத்தானைக் கேட்கவே வேண்டாம். வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போய்க் கையை ஒரு தரம், இரண்டு தரம் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறார். அம்புட்டு அருவருப்பு. "உன் தம்பி நாயை விட்டுட்டுப் போகல, நோயை விட்டுட்டுப் போயிட்டான்" என்று தினம் ஒரு பாட்டு.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

அக்கா,
வியாகுலம்மாள்

மாப்பிள்ளைக்கு: அக்கா எழுதியது அத்தனையும் உண்மை. நான் முன்பே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. - சூசைராஜ்


பிலாய்,
30-10-1960

அன்புள்ள அக்காவுக்கு மிக்கேல் எழுதியது. நலம். உங்கள் நலத்துக்கும் எழுதவும்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்கே போகவில்லை. மறைத்தாயே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, இரண்டு மாதம் ஒருத்தியாகவே இதைச் சுமந்தாயே என்று அழுகை வந்தது.

பேகம்பூரில் சனாவுல்லா பாய் இருக்கிறார். மாட்டாஸ்பத்திரியில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குட்டியில் கப்பித்தானுக்குக் கால் மடங்கியபோது அவர்தான் கட்டுப் போட்டார். அவரிடம் கொண்டுபோ. என் பெயரைச் சொல். அத்தான் எரிந்து விழுந்தால் எனக்காகப் பொறுத்துக்கொள். அதை யாரிடமும் பிடித்துக் கொடுத்துவிட வேண்டாம் என்று அவர் காலில் விழுந்து கேட்டதாகச் சொல்.

தம்பி,
மிக்கேல்


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
16-12-1960

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை என்று எழுதியிருந்தாய். அங்கே பூசைக்காவது போ.

சனாவுல்லா பாயைப் பார்த்தேன். கப்பித்தானைப் படுக்கவைத்துக் காது, அக்குள், விரல் இடுக்கு என்று அரை மணி நேரம் பார்த்தார். "இது ஒட்டுற சொறி இல்லம்மா. ஒட்டுறதா இருந்தா இந்நேரம் உங்களுக்கும் வந்திருக்கும்" என்றார். பிறகு, "நமக்குக் கருவாடு, கத்தரிக்கான்னா கரப்பான்னு ஒதுக்குறோம்ல? சிலதுக்கு ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடிச்சுப்போகும். நாய்க்கும் அப்படி ஒண்ணு இருக்கக் கூடாதா? பெரிய டாக்டருங்க அலர்ஜிம்பாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரப்பான் பண்டம் மனுசருக்குத்தான் என்று நினைத்திருந்தேன். நாய் எதைத் தின்றால் என்ன, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்றுதானே நாம் எல்லாரும் இருக்கிறோம்.

அவர் சொன்ன பத்தியம் இது. கேப்பைக் களி, அவித்த பாசிப்பயறு, தண்ணீர். ஒரு மாதத்துக்கு வேறெதுவும் வாயில் படக் கூடாது. பால் கூடாது, முட்டை கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு மிச்சம் கூடாது. உடம்பு தெளிந்தால் பிறகு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து, எது ஆகாது என்று கண்டுபிடிக்கலாம்.

நவம்பர் பத்தாம் தேதி தொடங்கினேன். தினம் இரண்டு வேளை களி கிண்டி, உள்ளங்கை காய்த்துப்போனது. ஒரு எலும்புகூட இந்த வீட்டு வாசலில் விழவில்லை. சிவனம்மாளிடமும் கும்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஐந்து வாரம் ஆயிற்று மிக்கேல். துளி குணம் இல்லை. முன்னைவிட மோசம். கழுத்திலும் முடி போய்விட்டது. நேற்று பாய் வந்து பார்த்துவிட்டு, "அப்ப சாப்பாட்டால இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான்" என்று கையை விரித்துவிட்டார்.

உன் அத்தானுக்குப் பத்தியம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "களியப் போட்டு நாயை எலும்பாக்கிட்ட. இளைச்ச உடம்பு எப்படி நோயைத் தாங்கும்?" என்று என்னிடம் சண்டை. வேண்டாம் என்கிற நாய் இளைத்தால் இவருக்கு என்ன? ஆண்பிள்ளை கோபத்துக்கு அர்த்தம் தேடக் கூடாது.

சிவனம்மாள் பாஸ்குத் திருநாள் வரை, அவள் பாஷையில் ஈஸ்டர் வரை, தவணை கொடுத்திருக்கிறாள். அதற்குள் தெளியாவிட்டால் நாயா, வீடா என்று முடிவு சொல்ல வேண்டும். நான் களியை நிறுத்தவில்லை. வேறு என்ன செய்ய என்று தெரியாததால் அதையே கிண்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா,
வியாகுலம்மாள்


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
12-3-1961

என் தங்கத் தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகம், சுகம், எல்லாரும் சுகம்!

நீ போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் போடவில்லை. மூன்றையும் மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். நல்ல செய்தி இல்லாமல் பேனாவைத் தொடுவதில்லை என்று இருந்தேன். இன்று பூசை முடிந்து வந்ததும் வராததுமாக உட்கார்ந்துவிட்டேன்.

கப்பித்தானுக்கு முடி முளைக்கிறது!

பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள், வீட்டில் என்ன சத்தமே இல்லை என்று வெளியே வந்து பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தது. சொறியாமல் இரண்டு மணி நேரம் தூங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாளும் தூங்கியது. காது நாற்றம் போயிற்று. இப்போது வயிற்றில் செம்பட்டையாகப் பூனைமுடி படர்ந்திருக்கிறது. வால் மறுபடியும் மேலே நிற்கிறது.

எப்படி என்று கேட்கிறாயா? மருந்து இல்லை, மாயம் இல்லை. தவசு காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்று, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கும்போது, ஆடுமாடுகளைக் காக்கிற வனத்து அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளைக்கு நோய் என்றால் பிள்ளை உயரத்துக்கு மெழுகுவர்த்தி வைக்கிறோம். நாய்க்கு எப்படி அளப்பது என்று தெரியாமல் மூக்கிலிருந்து வால் நுனி வரை நூல் பிடித்து அளந்தேன். பாஸ்கு முடிந்த திங்கட்கிழமை கொண்டுபோய் ஏற்றப் போகிறேன். மெழுகுவர்த்திக்காரர் அளவைப் பார்த்துவிட்டு, "யாரும்மா, மகனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தவசு காலத்தில் பொய் சொன்னது பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

சிவனம்மாள்கூடப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

அக்கா,
வியாகுலம்மாள்

மாப்பிள்ளைக்கு: நாய் நன்றாக இருக்கிறது. நான் வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மூன்று கிலோ ஏறியிருக்கும் என்பது என் கணிப்பு. - சூசைராஜ்


பிலாய்,
19-3-1961

அன்புள்ள அக்காவுக்கு. நலம், நலம், நீ எழுதியதுபோலவே மூன்று தரம் நலம்.

அந்தோணியாருக்கு என் பங்குக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. மெஸ்ஸில் எல்லாருக்கும் நான் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். "என்னப்பா, வீட்ல விசேஷமா?" என்றார்கள். நாய்க்கு முடி முளைத்தது என்றால் சிரிப்பார்கள். அக்காவுக்கு உடம்பு தேறியது என்று சொல்லிவைத்தேன். நானும் உன் தம்பிதானே.

அத்தான் எடைக் கணக்கெல்லாம் எழுதியிருக்கிறாரே, அவருக்கு என்ன ஆயிற்று?

தம்பி,
மிக்கேல்


திண்டுக்கல்,
17-4-1961

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

திரும்ப வந்துவிட்டது.

பாஸ்குத் திருநாள் அன்று வீடு நிறைந்த சந்தோஷம். உன் அத்தான் சிரித்ததை என் கண்ணால் பார்த்தேன். திங்கட்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை பாதத்தை நக்கியது. பார்க்காததுபோல இருந்தேன். அந்த வாரக் கடைசியில் காது சிவந்தது. இரண்டு வாரத்தில், முளைத்த முடி எல்லாம் போய்விட்டது. இந்தத் தடவை புண்ணில் சீழும் பிடித்திருக்கிறது. என் கையிலிருந்து களியைத் தவிர வேறெதுவும் அதன் வாய்க்குப் போகவில்லை. உனக்குச் சத்தியம் செய்கிறேன்.

அந்தோணியாரோடு நான் பேசுவதில்லை. மெழுகுவர்த்தியில் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டதா என்றுகூட யோசித்துப் பார்த்தேன். அப்படிக் கணக்குப் பார்க்கிறவரா அவர்?

சிவனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள், இந்த மாதக் கடைசிக்கு மேல் முடியாது என்று. முனிசிபாலிட்டியில் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுமாம். யாராவது கொண்டுபோக வேண்டும். நான் மாட்டேன் என்றேன். உன் அத்தான், "நான் கொண்டுபோறேன். ஊரான் கயித்துல அது போக வேண்டாம்" என்றார். நான்கு நாளாக அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

உன் நாய். நீ ஒரு வார்த்தை சொல்லாமல் செய்யக் கூடாது. எழுது.

அக்கா


பிலாய்,
22-4-1961

அக்காவுக்கு. நலம்.

அது இனிமேல் வதைபட வேண்டாம். அத்தான் சொன்னபடியே செய்யட்டும். அன்றைக்கு ஒரு வேளையாவது களி இல்லாமல் நல்ல சாப்பாடு போடு.

மிக்கேல்


தந்தி
25-4-1961
கப்பித்தானை ஒன்றும் செய்யாதே. கடிதம் வருகிறது. மிக்கேல்.


பிலாய்,
25-4-1961

அன்புள்ள அக்காவுக்கு. தந்தியைக் கண்டு பயந்திருப்பாய். எனக்கு ஒன்றுமில்லை, நான் சுகம். தந்தி நேரத்துக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். கடைசியாக ஒரு தரம் அதைப் பற்றிப் படித்து அழுதுவிட்டு மூட்டை கட்டிவிடலாம் என்று இருந்தேன். படிக்கும்போது ஒன்று இடித்தது. நவம்பரிலிருந்து இன்றுவரை நீ கொடுத்தது ஒரே களி, ஒரே பயறு. சாப்பாடு மாறவில்லை. நோய் மட்டும் எப்படி மாறியது? விபூதிப் புதனுக்குப் பின் குணம் தெரிகிறது. பாஸ்கு முடிந்த வாரம் திரும்புகிறது. விபூதிப் புதனிலிருந்து பாஸ்கு வரை, தவசு காலம் நாற்பது நாளும் நம் வீடுகளில் கறி கிடையாது. ஆனால் கப்பித்தானுக்கு நீ அதற்கு மூன்று மாதம் முன்பே கறியை நிறுத்திவிட்டாய்.

அப்படியானால் வேறொரு கை அதற்குக் கறி கொடுக்கிறது. அந்தக் கை தவசு காலத்தில் கறியைத் தொடாத கை. சிவனம்மாள் வீட்டில் தவசு அனுசரிப்பதில்லை, அதனால் அங்கே இல்லை. சனாவுல்லா பாய் சொன்னது சரிதான். பத்தியம் தோற்கவில்லை, யாரோ முறித்திருக்கிறார்கள்.

யார் என்று நான் எழுதவில்லை. எனக்குத் தோன்றுவது தப்பாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் பகையினால் செய்திருக்க மாட்டார்கள். இந்தக் கடிதத்தை அத்தானுக்கும் படித்துக் காட்டு.

அது உயிரோடு இருக்கிறதா? ஒரு கார்டு போடு. ஒரு வரி போதும்.

தம்பி,
மிக்கேல்


திண்டுக்கல்,
30-4-1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தான் சூசைராஜ் எழுதுவது. அக்காவும் நானும் நலம்.

நாய் உயிரோடு இருக்கிறது.

உன் அக்கா, நீங்களே எழுதுங்கள் என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். மில்லில் பத்து வருஷமாக டைம்கீப்பர். யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று அடுத்தவன் குற்றத்தைத்தான் எழுதியிருக்கிறேன். என்னுடையதை எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ போன பிறகு ஆகஸ்டில் அது தெருமுனைக்கு வந்து நிற்கத் தொடங்கியது. முதல் நாள் விரட்டினேன். மறுநாளும் நின்றது. உன் அக்கா அடுப்படியில் இருப்பாள். எனக்காக ஒரு ஜீவன் தெருவரை வந்து நிற்பது அதுவரை நடந்ததில்லை. எங்கள் அப்பா வேலை விட்டு வரும்போது வெறுங்கையோடு வர மாட்டார், ஒரு காராச்சேவுப் பொட்டணமாவது இருக்கும். நானும் உன் அக்காவுக்கு அப்படித்தான் வாங்கி வருகிறேன். காத்திருக்கிற நாய்க்கு வெறுங்கையைக் காட்ட எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மில் ரோட்டுக் கடையில் மாட்டு ஈரல் வேகவைத்து விற்பார்கள். அதில் கொஞ்சம் இலையில் கட்டி வாங்கி வந்து, தெருமுனை வேப்பமரத்தடியில் கொடுத்துவிட்டு, கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போவேன். நாய் வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்ன வாய். அதை எப்படித் திருப்பிச் சொல்வது?

பத்தியம் போட்டதும் அது இளைத்தது. ஈரல் தின்றால் ரத்தம் ஊறும் என்பார்கள். அதனால் கூடுதலாக வாங்கினேன். நோய் முற்ற முற்ற ஈரலை ஏற்றினேன். தவசு காலத்தில் கறிக்கடைப் பக்கம் போவதில்லை என்பதால் பொரிகடலை கொடுத்தேன். அதையும் வாலாட்டிக்கொண்டுதான் தின்றது. உடம்பு தேறியது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அந்தோணியாருக்கு நன்றி சொல்லிவிட்டு, பாஸ்கு அன்று இரண்டு பங்கு ஈரல் வாங்கி வைத்தேன்.

போன வியாழக்கிழமை உன் கார்டு பிரகாரம் காலையில் கயிற்றில் கட்டிக் கூட்டிப்போனேன். நல்ல சாப்பாடு போடு என்று எழுதியிருந்தாயே. உன் அக்கா முட்டையும் சோறும் போட்டாள். நான் வழியில் ஒரு பெரிய பொட்டணம் ஈரல் வாங்கிக் குளத்தங்கரையில் வைத்து ஊட்டினேன். அரை மணி நேரத்தில் உதடு வீங்கியது. காது சிவந்தது. என் கண் முன்னாலேயே கழுத்தை ரத்தம் வரச் சொறிந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாஸ்கு அன்றும் இப்படித்தான் காதைச் சொறிந்தது, நான் ஈ என்று நினைத்தேன். முனிசிபாலிட்டி கேட்டுவரை போனேன். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். சாயங்காலம்வரை குளத்தங்கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்தபோது உன் அக்கா தந்தியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் கிடந்தாள். உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் அழுதிருக்கிறாள். படித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்துபோயிருக்கும் என்று இரண்டாவது தரம் அழுதிருக்கிறாள். என்னைக் கண்டதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றின் மறு முனையைப் பார்த்தாள்.

நேற்று உன் கடிதம் வந்தது. வாசித்துக் காட்டினாள். "வேறொரு கை" என்ற இடத்தில் நான் எழுந்துவிட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அடப் பாவி மனுசா! நான் வாசல்ல பத்தியம் போட, நீங்க தெருமுனையில விருந்து வச்சீகளா?" என்று கத்தினாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம்.

மாப்பிள்ளை, எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானே அதைக் கொன்றிருப்பேன். மன்னித்துக்கொள். உயிரோடு இருக்கிறதே என்று நினைத்தால் வெட்கமும் தெரியவில்லை.

இப்படிக்கு,
சூசைராஜ்


சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
16-7-1961

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நான்கு காலும் சேர்த்துத்தான்.

உடம்பு பூரா முடி வந்துவிட்டது. மூக்குக் கறுப்பும் முதுகுச் செவப்பும் பழையபடி பளபளக்கிறது. சனாவுல்லா பாய் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "நான் பத்தியம் சொன்னேம்மா, காவல் போடச் சொல்ல மறந்துட்டேன்" என்று உன் அத்தானைப் பார்த்துச் சிரித்தார். அவர் சொன்னபடி ஒன்றொன்றாகக் கொடுத்துப் பார்த்தோம். முட்டை ஒத்துக்கொள்கிறது. ஆட்டுக்கறி ஒத்துக்கொள்கிறது. கருவாட்டுத் தலைகூட ஒத்துக்கொள்கிறது. பசும்பால் கொடுத்த இரண்டாம் நாள் காது சிவந்தது, நிறுத்திவிட்டோம். மாட்டுச் சம்பந்தம் எதுவும் ஆகாதாம், அவ்வளவுதான் நோய். அதற்குப் போய் எத்தனை எண்ணெய், எத்தனை கந்தகம்! அந்தோணியாரோடு ராசியாகிவிட்டேன். அவர் என்ன செய்வார் பாவம், இவர் ஈரல் வாங்கிக் கொடுத்தால்?

இனி உன் விஷயம். குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, ஆகஸ்டு லீவில் வந்து கப்பித்தானைக் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். "அவன் நாய், அவன் கொண்டுபோறான்" என்றார். ராத்திரிச் சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் சனாவுல்லா பாய் வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து, "பாய்கிட்ட கேட்டேன். மூணு நாள் ரயில் பிரயாணம் அதுக்கு ஆகாதாம். ரொம்பக் கண்டிப்பாச் சொல்லிட்டார்" என்றார். எனக்குச் சந்தேகம். பாய் வீட்டு அம்மா தாஹிராவை மார்க்கெட்டில் பார்த்துக் கேட்டேன். "அப்படி எல்லாம் சொல்லலியே! தாராளமாப் போகலாம், மாட்டுக்கறி மட்டும் கண்ணுல காட்டாதீங்கன்னுதானே சொன்னாரு" என்கிறாள்.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்ததை உனக்கு எழுதிவிட்டேன். உன் நாய், உன் இஷ்டம்.

அக்கா,
வியாகுலம்மாள்


பிலாய்,
24-7-1961

அன்புள்ள அத்தானுக்கு மிக்கேல் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஆகஸ்டில் வருகிறேன். பத்து நாள் இருப்பேன். தனியாகத்தான் திரும்புவேன். இதை எழுதுவது சுலபமாக இல்லை, ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது. சனாவுல்லா பாய் உங்களிடம் சொன்னது ரொம்பச் சரி. நானும் இங்கே நாலு பேரிடம் விசாரித்துவிட்டேன். ரயில் மட்டும் இல்லை, இந்த ஊர்த் தண்ணீரும் கப்பித்தானுக்குச் சேராதாம். அங்கேயே இருக்கட்டும் அத்தான்.

மிக்கேல்ராஜ்